அப்பாவின் புல்லட்டும் ஒரு அடி எண்ணெய்க் குழாயும்

பழைய புல்லட் வச்சிருக்கிறவங்களுக்குள்ள ஒரு ஜோக் உண்டு. "வண்டி எண்ணெய் ஒழுகுதேன்னு கவலைப்படாதே, ஒழுகலைன்னாதான் கவலைப்படணும். உள்ள எண்ணெயே இல்லைன்னு அர்த்தம்!" இதைக் கேட்டு சிரிச்சுட்டு நிறைய பேர் தரையில ஒரு அட்டையைப் போட்டுட்டுப் போயிடுவாங்க. ஆனா எல்லா ஒழுக்கும் ஒரே ஒழுக்கு இல்லை மக்களே. சிலது அழுக்கு, சிலது ஆபத்து. இது ரெண்டாவது வகையைப் பத்தின பதிவு.

டிஸ்கி: பதிவு கொஞ்சம் நீளம். ஸ்பேனர், வாஷர் எல்லாம் வரும். அலர்ஜி இருக்கிறவங்க இப்பவே எஸ்கேப் ஆகிக்கலாம் :-)

வண்டி 1988 மாடல் புல்லட் 350. என்னை விட ஒன்பது வயசு மூத்தது. அப்பா மின்வாரியத்துல வேலை பார்த்தப்போ வாங்கினது. திருச்சியில எங்க தெருவுல அப்பா வர்றார்ங்கிறது முனை திரும்புறதுக்கு முன்னாடியே அம்மாவுக்குத் தெரியும், தோசைக்கல் அடுப்புல ஏறிடும். எட்டு மாசத்துக்கு முன்னாடி அப்பாவுக்கு ஸ்ட்ரோக். நேரத்துக்கு ஆஸ்பத்திரி போனதால பேச்சு தப்பிச்சுது. வலது கையும் வலது காலும் மட்டும் பழைய மாதிரி இல்லை.

பழைய புல்லட் ஓட்டினவங்களுக்கு இதோட அர்த்தம் புரியும். அந்த மாடல்ல கியரும் வலது பக்கம், கிக்கரும் வலது பக்கம். முந்நூத்தி நாப்பத்தாறு சிசி சிங்கிள் சிலிண்டரை வலது காலால உதைச்சாகணும். வண்டி அப்படியே நின்னுடுச்சு. கொஞ்ச நாள் கழிச்சு அப்பாவே சொன்னார்: "வித்துடுடா. நின்னா துருப்பிடிக்கும்." சொல்றப்போ வண்டி பக்கம் பார்க்கல, டிவியைப் பார்த்துக்கிட்டே சொன்னார்.

ஒருத்தர் பார்க்க வந்தார். உதைச்சு ஸ்டார்ட் பண்ணி அஞ்சு நிமிஷம் ஓட விட்டோம். சிலிண்டரோட வலது பக்கம் எண்ணெய் வழிஞ்சு, சூட்டுல புகைஞ்சு, கருகுற வாசனை. மனுஷன் குனிஞ்சு பார்த்துட்டு, "சார், இன்ஜின் போச்சு. பதினஞ்சாயிரம் குறைச்சுக்கங்க"ன்னார். அப்பா திண்ணையில உக்காந்திருந்தார். ஒண்ணும் சொல்லல. வாக்கரைப் பிடிச்சு எழுந்து உள்ள போயிட்டார். அந்த "போச்சு" வண்டிக்குச் சொன்னதுதான். ஆனா யார் காதுல விழுந்துதுன்னு எனக்குத் தெரியும். விலை பேசாம அனுப்பி வச்சேன்.

இன்ஜின் போகலைன்னு எனக்கு ஒரு நம்பிக்கை. ஆனா நம்பிக்கையை வச்சு என்ன பண்றது? நாம பொட்டி தட்டுற ஜாதி, லாக் ஃபைல் வேணும். அடுத்த வாரமும் திருச்சி போனேன்.

எங்கே ஒழுகுது?

எண்ணெய் தெரியற இடமும் ஒழுகுற இடமும் ஒண்ணா இருக்காது. காத்து, அதிர்வு, ஈர்ப்பு விசை மூணும் சேர்ந்து அதை எங்கேயோ கொண்டு போய் விட்டுடும். பழைய வைத்தியம் ஒண்ணு இருக்கு. இன்ஜினோட வெளிப்பக்கத்தை டீசலும் பழைய டூத் பிரஷ்ஷுமா போட்டு சுத்தமா கழுவி, துடைச்சு, நல்லா காய விடணும். அப்புறம் சந்தேகமா இருக்கிற இடத்துல எல்லாம் முகப்பவுடரைத் தூவிட்டு வண்டியை ஓட விடணும். ஒழுகுற இடத்துல பவுடர் முதல்ல நனையும். அம்மாவோட பவுடர் டப்பாவுல பாதி காலி. இன்ஜின் கல்யாண மாப்பிள்ளை மாதிரி நின்னுச்சு.

மூணு நிமிஷத்துல தெரிஞ்சுடுச்சு. ஹெட் கேஸ்கட் பக்கம் பவுடர் அப்படியே இருக்கு. பேரல் அடியிலயும் இருக்கு. வலது பக்கம் மேல ஏறுற சின்ன எண்ணெய்க் குழாய், ஹெட்டுல சேருற மூட்டுல மட்டும் ஒரு மெல்லிசான கருப்புக் கோடு. மூட்டுல பற்ற வச்ச இடத்துல மயிரிழை விரிசல்.

அந்தக் குழாய் என்ன பண்ணுது?

பழைய புல்லட் இன்ஜின் 'ட்ரை சம்ப்' வகை. எண்ணெய் க்ராங்குக்கு அடியில தேங்கி நிக்காது. அதுக்குன்னு தனி டேங்க். ஆனா அந்த டேங்கும் இன்ஜின் வார்ப்புலயே ஒரு அறையா இருக்கிறதால வெளியில இருந்து பார்த்தா தெரியாது. ரெண்டு பம்ப். ஒண்ணு எண்ணெயை இன்ஜினுக்குள்ள அனுப்பும், இன்னொண்ணு வேலை முடிஞ்ச எண்ணெயை அள்ளி டேங்குக்குத் திருப்பும். ரெண்டையும் க்ராங்க் ஷாஃப்ட் நுனியில இருக்கிற ஒரு வார்ம் கியர்தான் சுத்துது.

மேல ஹெட்டுல வால்வுகளைத் தட்டுற ராக்கர்கள் இருக்கே, அதுங்களுக்கு எண்ணெய் போறது வெளியில ஓடுற இந்தக் குழாய் வழியா. கீழே டைமிங் பக்கத்துல ஆரம்பிச்சு, மேல ரெண்டா பிரிஞ்சு, இன்லெட் ராக்கருக்கு ஒண்ணு, எக்ஸாஸ்ட் ராக்கருக்கு ஒண்ணு. இப்ப வர்ற வண்டிகள்ல இதெல்லாம் உள்ளயே துளைச்ச வழி, கண்ணுக்கே தெரியாது. இதுல வீட்டு மாடிக்குப் போற தண்ணிக் குழாய் மாதிரி வெளியில.

அதனாலதான் இந்த ஒழுக்கு ஆபத்து. கேஸ்கட்ல ஒழுகினா வண்டி அழுக்காகும், அவ்வளவுதான். இந்தக் குழாய் உடைஞ்சா ரெண்டு நஷ்டம். ஒண்ணு, ராக்கர் எண்ணெய் இல்லாம காய்ஞ்சு தேயும். ரெண்டாவது, இருக்கிற ரெண்டே சொச்சம் லிட்டரும் கொஞ்சம் கொஞ்சமா ரோட்டுக்குப் போகும், அதுலயும் கொஞ்சம் பின்சக்கரத்துல படலாம். ஹைவேயில அறுபதுல போகும்போது அது நடந்தா என்ன ஆகும்னு யோசிச்சுப் பாருங்க.

விரிசலுக்குக் கம்பெனியைக் குத்தம் சொல்ல முடியாது. 90 மில்லிமீட்டர் ஸ்ட்ரோக், ஒரே பிஸ்டன், முப்பத்தஞ்சு வருஷத்துக்கு மேல குலுக்கல். காலேஜ்ல 'ஃபட்டீக்'னு ஒரு பாடம் நடத்தினாங்க. தாங்கக்கூடிய சுமைதான், ஆனா கோடிக்கணக்கான தடவை வந்தா உலோகம் களைச்சுப் போய் விரியும்னு. அன்னைக்கு எஸ்-என் கர்வ் வரைஞ்சு மார்க் வாங்கினேன். இப்பதான் அது கைக்கு எட்டுற தூரத்துல எண்ணெய் கசியறதைப் பார்க்கிறேன். நாலு வருஷ மெக்கானிக்கல் டிகிரி, ஆறு வருஷ ஜாவா ஆணிக்கு அப்புறம் முதல் தடவையா உபயோகப்பட்டுச்சு, ஹிஹி.

பாய்

வண்டியை எப்பவும் பார்த்தவர் பாய். எங்க வீட்ல அவருக்குப் பேரே பாய்தான். 2021-ல் பட்டறையை மூடிட்டு மகன் வீட்டோட போயிட்டார், கண்ணு சரியாத் தெரியலைன்னு. புது சர்வீஸ் சென்டர் ஒண்ணுல கேட்டேன். "காஸ்ட் அயர்ன் வண்டி நாங்க தொடறதில்லை சார்"னு மரியாதையா சொன்னாங்க. அந்த வகை இன்ஜின் நின்னு பதினஞ்சு வருஷம் ஆச்சு. அங்க வேலை பார்க்கிற பசங்க அதைப் பிரிச்சே பார்த்திருக்க மாட்டாங்க, அவங்க மேல தப்பில்லை.

பாய்க்கு ஃபோன் போட்டேன். முதல்ல அப்பாவை விசாரிச்சார், அப்புறம்தான் வண்டியை.

"குழாய்தானே தம்பி? நீயே போடலாம். ரெண்டு விஷயம். பேஞ்சோ போல்ட்டு உள்ள ஓட்டை, சாதாரண போல்ட்டு மாதிரி பலம் கிடையாது. கை வலிக்கிற அளவுக்கு முறுக்காதே. அங்க பிரஷரே கம்மி, வாஷர் பிடிச்சா போதும். ரெண்டாவது, வண்டி மாசக்கணக்கா நின்னிருக்கு. டிப் ஸ்டிக்கைப் பார்த்து எண்ணெய் கம்மின்னு ஊத்திடாதே."

ரெண்டாவது விஷயம் பழைய புல்லட் வச்சிருக்கிற எல்லாருக்கும் தேவை. நாள்கணக்குல நின்னா, டேங்க்ல இருக்கிற எண்ணெய் பம்ப் வழியா மெதுவா கசிஞ்சு க்ராங்க் அறைக்குள்ள இறங்கிடும். 'வெட் சம்பிங்'னு சொல்லுவாங்க. டிப் ஸ்டிக் காலின்னு காட்டும், எண்ணெய் உள்ளயேதான் இருக்கும். அதுக்கு மேல ஒரு லிட்டர் ஊத்தினா, ஸ்டார்ட் பண்ணினதும் சைலன்ஸர்ல கொசு மருந்து வண்டி மாதிரி புகையும், ப்ரீதர் வழியா எண்ணெய் கக்கும். சில நிமிஷம் ஓட விட்டு, பம்ப் எல்லாத்தையும் டேங்குக்குத் தள்ளினப்புறம் அளவு பார்க்கிறதுதான் சரி.

சாமான் வாங்கின கதை

சென்னை ஜி.பி. ரோட்டுல மூணு வகை காட்டினாங்க.

1. பழைய மாதிரியே இரும்புக் குழாய், மூணு முனையிலயும் பேஞ்சோ மூட்டு.
2. நடுவுல ரப்பர் ஹோஸ் வச்சது. அதிர்வைத் தாங்கும். ஆனா எண்ணெய்க்கும் சூட்டுக்கும்னு செஞ்ச ரப்பரா இருக்கணும். பெட்ரோல் ட்யூபை வெட்டி கிளிப் போட்டு ஓட்டுறவங்க இருக்காங்க. சூட்டுல அது இறுகி வெடிக்கும், தயவுசெஞ்சு வேண்டாம்.
3. ஸ்டீல் கம்பி பின்னின ஹோஸ். பார்க்க ஜம்முனு இருக்கு. ஆனா அது எங்கேயாவது உரசினா அரம் மாதிரி ராவிடும், பாதையைப் பார்த்துக் கட்டணும்.

நான் முதலாவதை வாங்கினேன். முப்பத்தஞ்சு வருஷம் தாங்கினதுக்கு அதைவிட நல்ல டெஸ்ட் ரிப்போர்ட் எங்க கிடைக்கும்? குழாய் 480 ரூபாய். செம்பு வாஷர் ஆறு, அறுபது ரூபாய். மூட்டு ஒண்ணுக்கு மேல ஒண்ணு கீழ ஒண்ணுன்னு ரெண்டு வாஷர், என் வண்டியில மூணு மூட்டு, ஆக ஆறு. கூட ஒரு ஃபெல்ட் ஃபில்டர், 20டபிள்யூ-50 எண்ணெய். குழாய் வளையக்கூடாதுன்னு லேப்டாப் பையில லேப்டாப்புக்குப் பதிலா அதை வச்சு, மலைக்கோட்டை எக்ஸ்பிரஸ்ல தலைமாட்டுல வச்சுப் படுத்தேன். எதிர் பெர்த் பெரியவர் "என்னப்பா, பிளம்பரா?"ன்னார். ஆமான்னு சொல்லிட்டேன். பொய் இல்லையே :-)

வேலை

சனிக்கிழமை காலை, இன்ஜின் குளிர்ந்து கிடக்கிறப்போ ஆரம்பிச்சேன். அப்பாவோட டூல் பெட்டி ஒரு பழைய பிஸ்கட் டின். ஸ்பேனர்கள்ல சிவப்பு பெயிண்ட், நீல பெயிண்ட் புள்ளி வச்சிருந்தார். பழைய புல்லட்ல பிரிட்டிஷ் அளவு நட்டும் மெட்ரிக் நட்டும் கலந்து இருக்கும். கிட்டத்தட்ட பொருந்துற ஸ்பேனரைப் போட்டா நட்டோட முனை வழிச்சுக்கும். சிவப்பு எது நீலம் எதுன்னு கேட்க உள்ள போனேன்.

அப்பா கட்டில்ல இருந்தார். "சிவப்பு பிரிட்டிஷ்"னார். கொஞ்ச நேரம் கழிச்சு, "கழட்டுறதுக்கு முன்னாடி சுத்திலும் துடைச்சியா? ஒரு மணல் உள்ள போனா பம்ப்பு காலி"ன்னார். இன்னும் கொஞ்ச நேரத்துல வாக்கர் சத்தம். திண்ணைக்கு வந்து உக்காந்துட்டார். எட்டு மாசத்துல வண்டி இருக்கிற பக்கம் நாற்காலியைத் திருப்பிப் போட்டு உக்காந்தது அன்னைக்குத்தான்.

மூணு போல்ட்டும் கழண்டுது. பழைய குழாயை வெளியில எடுத்து அப்பா கையில கொடுத்தேன். இடது கையால வாங்கி, வெளிச்சத்துல திருப்பிப் பார்த்தார். விரிசல்ல நகத்தை வச்சார்.

"எனக்கு குழாய் அடைச்சுது, இதுக்கு குழாய் உடைஞ்சுதா"ன்னு சிரிச்சார். எனக்கு சிரிக்கிறதா வேண்டாமான்னு தெரியல. அவர் சிரிச்சதால சிரிச்சேன்.

போல்ட்டோட ஓட்டைகளை பெட்ரோல்ல கழுவி, மெல்லிசு கம்பி விட்டு, சைக்கிள் பம்ப்பால ஊதினேன். புதுக் குழாயையும் அதே மாதிரி. வாஷர் கொஞ்சம் இறுகி இருந்துச்சு. அப்பா, "அடுப்புல காய்ச்சு"ன்னார். செம்பு ஒரு வினோதம். இரும்பை சிவக்கக் காய்ச்சி தண்ணியில போட்டா இறுகும், செம்பு அதுக்கு நேர்மாறா இளகும். இளகின வாஷர்தான் மூட்டுல நல்லா படியும். கேஸ் அடுப்புல இடுக்கியில பிடிச்சுக் காய்ச்சினேன். அம்மாவோட விமர்சனத்தை இங்க எழுத முடியாது.

மாட்டறதுல ஒரே சூத்திரம்தான். மூணு போல்ட்டையும் முதல்ல விரலாலேயே நாலு சுத்து. குழாய் தானா உக்காரணும். ஒரு முனையை முழுசா முறுக்கிட்டு, எட்டாத இன்னொரு முனையை இழுத்து வளைச்சு மாட்டினா, குழாய் எப்பவும் விறைப்பா இருக்கும். அதுக்கு மேல அதிர்வும் சேர்ந்தா சீக்கிரமே அடுத்த விரிசல். பேரலோட துடுப்புல எங்கேயும் உரசலையான்னு ஒரு காகிதத்தை விட்டுப் பார்த்தேன். அப்புறம் மூணையும் மாத்தி மாத்திக் கொஞ்சம் கொஞ்சமா இறுக்கினேன். இந்த வண்டிக்குப் பேருதான் 'காஸ்ட் அயர்ன்'. பேரல்தான் வார்ப்பிரும்பு, ஹெட் அலுமினியம். அங்க மரை போச்சுன்னா ஹெட்டையே கழட்டணும். அப்பா கையைத் தூக்கி "போதும்"னப்போ நிறுத்தினேன்.

கூடவே பழைய எண்ணெயை வடிச்சேன். அடியில டேங்குக்கு ஒரு ட்ரெயின் பிளக், க்ராங்க் அறைக்கு தனி. பாய் சொன்ன மாதிரியே க்ராங்க் பக்கம்தான் அதிகம் வந்துச்சு. புது ஃபில்டர், புது எண்ணெய்.

புதுக் குழாய் உள்ள காலி. அப்படியே ஸ்டார்ட் பண்ணினா எண்ணெய் ஏறுற வரைக்கும் ராக்கர் காய்ஞ்சு ஓடும். ராக்கர் மூடியைத் திறந்து ஊசி இல்லாத சிரிஞ்சால கொஞ்சம் எண்ணெயை மேல விட்டேன். அப்பாவோட மாத்திரை டப்பாவுல இருந்த சிரிஞ்ச்தான். ஸ்பார்க் பிளக்கைக் கழட்டிட்டு ஒரு முப்பது உதை, பம்ப் எண்ணெயை மேல இழுக்கறதுக்கு.

அப்புறம் நிஜ ஸ்டார்ட். அம்மீட்டர் முள்ளை நடுவுக்குக் கொண்டு வந்து, டீகம்ப்ரஸரைப் பிடிச்சு, ஒரு துளி நகர்த்தி, விட்டு, உதை. எனக்கு அஞ்சாவது உதையில எடுத்துச்சு. அப்பாவுக்கு எப்பவும் ரெண்டு. மேல ஒரு பேஞ்சோ போல்ட்டை அரை சுத்து தளர்த்தி வச்சிருந்தேன். பத்து பதினஞ்சு செகண்ட் ஒண்ணும் இல்லை. அப்புறம் தேன் மாதிரி எண்ணெய் துளிர்த்துச்சு. வந்தாச்சு! இறுக்கினேன்.

துளி வரலைன்னா வண்டியை உடனே நிறுத்தணும். "கொஞ்ச நேரம் ஓடட்டும், வரும்"ங்கிற பேச்சே கூடாது.

அப்பா கண்ணை மூடிக் கேட்டுக்கிட்டிருந்தார். "எக்ஸாஸ்ட் டாப்பெட் தட்டுது. எண்ணெய் இல்லாம ஓடியிருக்கு, தேய்ஞ்சிருக்கும். ஆறினப்புறம் பாரு."

சாயங்காலம் பார்த்தேன். இந்த வண்டிக்கு ஃபீலர் கேஜ் வேண்டாம். புஷ்ராடு விரலால சுத்தினா லேசா சுத்தணும், மேலயும் கீழயும் ஆடக்கூடாது. எக்ஸாஸ்ட் ராடு ஆடுச்சு. ஆறு அடி தூரத்துல நாற்காலியில உக்காந்து, மோட்டார் ஓடுற சத்தத்துல எந்த வால்வுன்னு சொல்லிட்டார். சரி பண்ணி மறுபடி உதைச்சேன். சத்தம் மாறினது எனக்கே கேட்டுச்சு.

மறுபடியும் பவுடர். இருபது நிமிஷம் ஓட்டிட்டு வந்தும் வெள்ளை வெள்ளையாவே இருந்துச்சு.

அப்புறம்

ராத்திரி சாப்பிடறப்போ அப்பா சொன்னார்: "விக்கிறதா இருந்தா இப்ப விக்கலாம். இன்ஜின் போச்சுன்னு எவனும் சொல்ல முடியாது." கொஞ்சம் ரசம் ஊத்திக்கிட்டு, "இல்லைன்னா உன் பேருக்கு மாத்திக்கோ."

நான் ரெண்டாவதைத்தான் பிடிச்சுக்கிட்டேன்.

1988 வண்டிங்கிறதால 2003-ல் இருந்தே அஞ்சு வருஷத்துக்கு ஒரு தடவை ஆர்.சி. புதுப்பிச்சுக்கிட்டு வர்றார், கடைசியா 2023-ல். பேர் மாத்த படிவம் 29, படிவம் 30. ரெண்டுலயும் வண்டி சொந்தக்காரர் கையெழுத்துப் போடணும். அங்கதான் சிக்கல். ஸ்ட்ரோக் வந்ததுல இருந்து அப்பா எதுலயும் கையெழுத்துப் போட்டதில்லை. பேங்க்ல ஒரு தடவை கைரேகை வச்சுட்டு வந்து ரெண்டு நாள் யாரோடயும் பேசல. அதனால நானா கேட்கல, படிவத்தை மேஜையில வச்சுட்டு சென்னை வந்துட்டேன்.

அடுத்த வாரம் போனப்போ, ஜி.பி. ரோடு கடை பில்லோட பின்பக்கம் முழுக்க அப்பாவோட கையெழுத்து. மேல இருக்கிறது கோழி கிளறின மாதிரி. கீழே வர வர எழுத்து தெரியுது. கடைசி வரியில இருக்கிறது என் பள்ளிக்கூட ரேங்க் கார்டுல இருக்கிற கையெழுத்து மாதிரியே, கொஞ்சம் நடுங்கினது. படிவம் ரெண்டுலயும் போட்டு வச்சிருந்தார். அம்மா, "தினமும் பேப்பர் படிச்சுட்டு அரை மணி நேரம் இதான் வேலை. ஃபிசியோதெரபி பந்தை உருட்டச் சொன்னா மட்டும் கை வலிக்குதாம்"னாங்க.

பழைய புல்லட் வச்சிருக்கிற மக்களுக்கு

சர்வீஸ் பண்ற ஒவ்வொரு தடவையும் அந்தக் குழாயோட மூணு மூட்டையும் துணியால துடைச்சுட்டு உத்துப் பாருங்க. ஈரம் தெரிஞ்சா உடனே முறுக்காதீங்க. வாஷரா, விரிசலான்னு முதல்ல தெரியணும். வாஷரை ரெண்டு தடவைக்கு மேல திரும்பப் போடாதீங்க, பத்து ரூபா சமாச்சாரம். ரொம்ப நாள் நின்ன வண்டியா இருந்தா, முதல் ஸ்டார்ட்ல மேல எண்ணெய் வருதான்னு பார்த்துட்டு மேற்கொண்டு ஓட்டுங்க. மொத்தச் செலவு எண்ணெயையும் சேர்த்து இரண்டாயிரத்துக்குள்ள, நேரம் ஒரு சனிக்கிழமை.

பவுடர் டப்பா தனி. அதுக்கு அம்மா இன்னும் பில் கொடுக்கல.

பாய் மாதிரி காஸ்ட் அயர்ன் வேலை தெரிஞ்ச ஆளுங்க உங்க ஊர்ல இருந்தா, அவங்க பட்டறையை மூடறதுக்கு முன்னாடி பக்கத்துல நின்னு பார்த்து வச்சுக்கங்க. அடுத்து க்ளட்ச் கேபிள். அப்பா ஏற்கனவே லிஸ்ட் எழுதிட்டார், அவர் கையாலேயே.